ஒளித்து வைத்தால் போதுமா? துப்பாக்கிப் பெட்டகத்தின் கதை

பண்டிகைக்குச் செய்த முறுக்கை அம்மா ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஒளித்து வைக்கிறார். "பிள்ளைகளுக்குத் தெரியாது" என்பது அவருடைய நம்பிக்கை. உண்மை என்ன? நாற்காலியை எந்த இடத்தில் போட்டு ஏறினால் டப்பா கைக்கு எட்டும் என்பது வரை உங்களுக்குத் தெரியும் அல்லவா?

டப்பாவில் இருப்பது முறுக்கு என்றால் இது வெறும் வேடிக்கை. அதே இடத்தில் ஒளித்து வைத்திருப்பது தோட்டா நிரப்பிய துப்பாக்கி என்றால்?

இந்தியாவில் உரிமம் பெற்ற சிலரிடம் மட்டுமே துப்பாக்கி உண்டு. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பெரியவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர், துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள். அந்த நாட்டில் அலபாமா என்று ஒரு மாநிலம். அதன் கிராமப்புறத்து மருத்துவ நிலையம் ஒன்றுக்கு வந்த பெற்றோரிடமும், 5 முதல் 14 வயது வரை உள்ள அவர்களுடைய பிள்ளைகளிடமும் தனித்தனியே சில கேள்விகள் கேட்டார்கள். அந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. "துப்பாக்கி இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது" என்று சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 39 பேருடைய பிள்ளைகள், "எனக்குத் தெரியும்" என்றார்கள். "என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை" என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 22 பேருடைய பிள்ளைகள், "நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன்" என்றார்கள்.

ஒளிப்பது வேறு, பூட்டுவது வேறு என்பது இதிலிருந்து விளங்குகிறது. அதனால்தான் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கென்றே செய்த எஃகுப் பெட்டகத்தை வாங்கவேண்டும் என்கிறார்கள். ஆனால் எந்தப் பெட்டகத்தை வாங்குவது? கடையில் எல்லாமே கனமாகவும் பளபளப்பாகவும் நிற்கின்றன. நல்லதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அது யாரை அல்லது எதைத் தடுக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். துப்பாக்கிப் பெட்டகத்துக்கு நான்கு எதிரிகள்: திருடன், தீ, ஈரம், குழந்தையின் கை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிமிடங்களால் அளக்கும் பலம்

இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் ஒரு புதுவகைப் பூட்டுக்கு உரிமை பெற்றார். அவருடைய கடையின் சன்னலில் ஒரு பூட்டும் ஒரு பலகையும் இருந்தன. சாவி இல்லாமல் இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகையில் எழுதியிருந்தது. சுமார் அறுபது ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851-இல் இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் அதைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்குப் பிடித்த நேரம் 16 நாட்களில் மொத்தம் 51 மணி.

ஹாப்ஸ் வென்றார் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் திருடனுக்கு 51 மணி நேரம் கிடைக்கும்? திறக்கவே முடியாத பெட்டி என்று உலகில் ஒன்றும் இல்லை. திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கேள்வி. வீட்டுக்காரர் திரும்பி வரும் வரை, அல்லது அக்கம்பக்கத்தார் சத்தம் கேட்டு வரும் வரை தாங்கினால் அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. நல்ல பெட்டகம் நமக்குக் கொடுப்பது நேரம்தான்.

இந்த நேரத்தை அளந்து சொல்லும் நிலையங்கள் உண்டு. அமெரிக்காவில் 1894-இல் தொடங்கிய அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் அவற்றுள் ஒன்று. வீட்டுப் பெட்டகத்துக்கு அவர்கள் வைக்கும் அடிப்படைச் சோதனை வேடிக்கையானது. கைதேர்ந்த ஓர் ஆள், பெட்டியின் வரைபடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, திருப்புளி, சுத்தியல், நெம்புகம்பி, துளைக்கருவி இவற்றுடன் பெட்டியைத் தாக்குவார். கருவி பெட்டியின்மேல் வேலை செய்யும்போது மட்டுமே கடிகாரம் ஓடும். அவர் மூச்சு வாங்கும் நேரம் கணக்கில் சேராது. இவ்வாறு 5 நிமிடம் தாங்கினால் பெட்டி தேறிவிட்டது. நகைக்கடைகளில் வைக்கும் உயர்தரப் பெட்டகங்கள், மின்சாரக் கருவிகளால் தாக்கினாலும் 15 அல்லது 30 நிமிடம் தாங்க வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் துப்பாக்கிப் பெட்டகங்களில் பெரும்பாலானவை இந்த 5 நிமிட வகையைச் சேர்ந்தவையே. ஐந்து நிமிடம்தானா என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். வரைபடம் பார்க்காத, அவசரப்படுகிற திருடனுக்கு அது நெடுநேரமாகிவிடும். எனினும் சான்று முத்திரையே இல்லாத பெட்டி எத்தனை நிமிடம் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது.

தகடும் தரையும்

பெட்டகத்தின் தகடு எவ்வளவு தடிமன் என்பதைக் "கேஜ்" என்ற எண்ணால் குறிக்கிறார்கள். இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. எண் சிறியதாக ஆக, தகடு தடிமனாகும். 12 கேஜ் எஃகுத் தகடு சுமார் 2.7 மி.மீ. தடிமன், 10 கேஜ் தகடு சுமார் 3.4 மி.மீ. பன்னிரண்டு பத்தைவிடப் பெரிய எண்தானே என்று வாங்குபவர் ஏமாறக்கூடும்.

கதவிலிருந்து நாலாபுறமும் நீட்டிக்கொண்டு வரும் உருண்டைத் தாழ்களை எண்ணிப் பார்த்து, "இதில் பதினான்கு இருக்கிறது" என்று சிலர் பெருமைப்படுவார்கள். தாழ் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது பிடித்துக்கொள்ளும் சட்டம் மெல்லிய தகடாக இருந்தால் என்ன பயன்? நெம்பினால் சட்டம் வளையும். தாழ் தானாக வெளியே வந்துவிடும். எண்ணிக்கையைவிடக் கதவுச் சட்டத்தின் உறுதியே முக்கியம். அதே போல, கீல் வெளியே தெரிந்தால் அறுத்துவிடலாம் என்று பலர் அஞ்சுகிறார்கள். நன்றாகச் செய்த பெட்டகத்தில் கீல் பக்கத்திலும் தாழ்கள் உண்டு. கீலை அறுத்தாலும் கதவு அசையாது. கீலின் வேலை கதவைத் தாங்கித் திருப்புவது மட்டுமே.

இனி நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். நிற்கும் பெட்டியின் கதவு இடுக்கில் கம்பியைச் செருகி ஒருவன் பக்கவாட்டில் இழுக்கிறான். கையின் பலம் மட்டுமே அவனுக்கு உதவும். பெட்டியை மல்லாக்கச் சாய்த்துவிட்டால் என்ன ஆகும்? நீண்ட கம்பியின் முனையில் தன் முழு எடையையும் போட்டு அழுத்தலாம். விசை கூடுகிறது, கம்பி நீளமாக நீளமாக அதன் பயனும் பெருகுகிறது. ஐந்து நிமிடம் தாங்கிய கதவு அப்போது அவ்வளவு நேரம் தாங்காது.

ஆகவே பெட்டியைச் சாய்க்க முடியாதபடி காங்கிரீட் தரையில் போல்ட்டு போட்டு முடுக்குகிறார்கள். ஏறத்தாழ 340 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பெட்டியைத் தரையோடு பிணைத்தே ஆகவேண்டும் என்பது நிபுணர்கள் கருத்து. பிணைக்காத சிறு பெட்டியைத் திருடன் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவான்!

பத்து லட்சத்திலிருந்து எட்டாயிரம்

எண் பூட்டு எப்படி வேலை செய்கிறது? வெளியே 0 முதல் 99 வரை குறித்த வட்டத்தட்டு. உள்ளே ஒரே அச்சில் மூன்று சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. தட்டைச் சரியான எண்களுக்கு முன்னும் பின்னும் திருப்பினால் மூன்று வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். மேலே காத்திருக்கும் ஒரு சிறு கம்பி அந்தப் பள்ளத்தில் விழும். உடனே தாழ் விடுபடும். ஒரு சக்கரம் சற்று விலகி இருந்தாலும் கம்பி விழாது.

மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் 100 வாய்ப்பு. 100 × 100 × 100 = 10 லட்சம். ஒவ்வொன்றாக முயல்வது இயலாத காரியம் என்றுதானே தோன்றுகிறது?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் என்ற இடத்தில் அணுகுண்டு ஆராய்ச்சி நடந்தது. அங்கே வேலை செய்த இளம் பௌதிக விஞ்ஞானி ரிச்சர்டு பைன்மனுக்குப் பூட்டுகளைத் திறந்து பார்ப்பதில் ஆசை. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். இரகசியக் காகிதங்கள் இருந்த அலமாரிகளின் எண் பூட்டுகளை அவர் ஆராய்ந்தார். சரியான எண்ணுக்கு இரண்டு முன்னே பின்னே இருந்தாலும் பூட்டு திறந்தது! அப்படியானால் ஐந்துக்கு ஒரு எண்ணை முயன்றாலே போதும். 100 வாய்ப்பு 20 ஆகச் சுருங்கிவிட்டது. 20 × 20 × 20 = 8,000. பத்து லட்சம் எங்கே, எட்டாயிரம் எங்கே?

அதைவிடப் பெரிய ஓட்டை மனிதர்களிடம் இருந்தது. போர் முடிந்த பின் அங்கே திரும்பிச் சென்றிருந்த பைன்மனுக்கு, நண்பர் ஒருவரின் அலமாரியிலிருந்த காகிதம் தேவைப்பட்டது. நண்பர் அறையில் இல்லை. கணக்கில் ஈடுபாடுள்ளவர் எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பார் என்று பைன்மன் யோசித்தார். வட்டத்தின் 'பை' எண்ணை, அதாவது 31–41–59 என்று முயன்றார்; திறக்கவில்லை. இயற்கை மடக்கையின் அடிமானமாகிய 2.71828 நினைவுக்கு வந்தது. 27–18–28 என்று திருப்பினார். அலமாரி திறந்துகொண்டது! பக்கத்து அலமாரிகளுக்கும் அதே எண்தான். வேறு பல அலமாரிகளில், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எண்ணை யாரும் மாற்றவே இல்லை.

இன்றைய பெட்டகங்கள் பலவற்றில் தொலைபேசியில் உள்ளது போலப் பொத்தான்கள் இருக்கின்றன. ஆறு இலக்கம் என்றால் மறுபடியும் 10 லட்சம் வாய்ப்புகள். நான்கு முறை தவறாக அழுத்தினால் 5 நிமிடம் பூட்டு உறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்களையும் முயன்று முடிக்க 12 லட்சத்து 50 ஆயிரம் நிமிடம், அதாவது 868 நாள் ஆகும். ஆனால் வீட்டுக்காரர் பிறந்த தேதியை வைத்துவிட்டால்? நூறு ஆண்டுகளில் சுமார் 36,500 தேதிகளே உண்டு. அதிலும் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் குடும்பத்தார் பிறந்தநாட்கள் ஐந்தோ ஆறோதான். அவனுக்கு ஒரு பிற்பகல் போதும்.

தீயும் ஜிப்சமும்

வீடு தீப்பிடித்தால் பெட்டகம் அடுப்பில் வைத்த சட்டியைப் போல் ஆகிவிடும். எஃகு வெப்பத்தை எளிதில் கடத்தும் பொருள். தகடு எத்தனை தடிமனாக இருந்தாலும் தீயை அது தடுக்காது. தடுப்பது தகட்டுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகைதான். அது ஜிப்சத்தால் ஆனது.

ஜிப்சம் பார்வைக்குக் காய்ந்த கல். ஆனால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே நீர், படிகத்துக்குள் அடைபட்டிருக்கிறது. 100 கிலோ ஜிப்சத்தில் சுமார் 21 கிலோ நீர்! சூடேறும்போது அந்த நீர் விடுபட்டு ஆவியாகிறது. 1 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 70 கலோரி போதும். அதையே ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். தீ தன் வெப்பத்தை இந்த வேலைக்கே செலவிடுவதால், நீர் தீரும் வரை பெட்டிக்குள் வெப்பம் மெதுவாகவே ஏறும். கை முறிந்தவருக்கு மாவுக்கட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நீரை இழந்த ஜிப்சம்தான் அந்த மாவு. தண்ணீரில் குழைத்ததும் இழந்த நீரைத் திரும்பப் பெற்று இறுகுகிறது. பெட்டகத்தில் நடப்பது அதற்கு நேர்மாறான மாற்றம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தடித்த காகிதத்தை மடித்துக் கிண்ணம் செய்து, பாதியளவு தண்ணீர் ஊற்றி, நீர் உள்ள பகுதி மட்டும் மெழுகுவத்திச் சுடருக்கு நேராக வரும்படி பிடியுங்கள். தண்ணீர் சுடும், காகிதம் எரியாது. தீயின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்வதே காரணம்.

தீச் சோதனையில் பெட்டியை உலைக்குள் வைக்கிறார்கள். ஒரு மணி நேரச் சோதனையின் முடிவில் உலையின் வெப்பநிலை சுமார் 927 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் 177 டிகிரிக்கு மேல் போகாவிட்டால், உள்ளே இருக்கும் காகிதம் கருகாது. தீயிலும் பாருங்கள், பெட்டியின் பலம் நேரத்தால்தான் அளக்கப்படுகிறது.

ஓசையின்றி வரும் எதிரி

தீயிலிருந்து காத்த அதே நீராவி, பின்னர் துப்பாக்கிமேல் படிந்து துருவை உண்டாக்கும். தீ அணைந்து பெட்டி நன்றாக ஆறியதும் திறந்து, உள்ளே இருப்பதைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். தீ வராவிட்டாலும் காற்றில் ஈரம் உண்டு. நிலவறையில் பெட்டியை வைத்தால் கெட்டியான தரை கிடைக்கும். கூடவே ஈரமும் கிடைக்கும்.

இதற்கு எளிய வழி பெட்டிக்குள் ஒரு சிறு மின்சார வெப்பக் குழலை வைப்பது. அது ஈரத்தை வெளியேற்றுவதில்லை. பிறகு எப்படி உதவுகிறது? 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம் தாங்கும். உள்ளே 14 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். 20 டிகிரியில் ஈரப்பதம் நூற்றுக்கு 80-க்கும் மேல். ஐந்தே டிகிரி சூடாக்கினால் அது சுமார் 60 ஆகக் குறைந்துவிடுகிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைக்கலாம். புதிய மருந்துப் புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் சிறு பொட்டலமாக வருவது இதுதான். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிரம்பியபின் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

குழந்தையின் கை

நான்காவது எதிரி என்று இதைச் சொல்வது சற்றுப் பிசகு. குழந்தை நமக்கு எதிரி அல்ல. பாதுகாக்க வேண்டிய செல்வம். திருடனைச் சில நிமிடம் தடுத்தால் போதும். தீயை ஒரு மணி நேரம் தடுத்தால் போதும். குழந்தையை எவ்வளவு நேரம் தடுக்க வேண்டும்? ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும். அதற்கு ஆறு அங்குலத் தகடு தேவையில்லை. பூட்டு உண்மையாகவே பூட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது சொல்லும் அளவுக்கு எளிதன்று. விரல் ரேகை பார்த்துத் திறக்கும் பெட்டிகள் இப்போது விற்கின்றன. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அத்தகைய பெட்டிகளில் சுமார் 61 ஆயிரத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. உரிமையாளர் தம் ரேகையைச் சரியாகப் பதிவு செய்யும் வரை, அந்தப் பெட்டி எந்த விரல் பட்டாலும் திறந்துவிடும்படி அமைந்திருந்தது. ரேகை பதிந்துவிட்டது என்று நம்பியவர்கள் கையில் இருந்தது பூட்டாத பெட்டி. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்துக்கு அத்தகைய பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியே காரணம் என்று வழக்கும் தொடரப்பட்டது.

எனவே பெட்டி வாங்கியவர் செய்யவேண்டிய முதல் வேலை, தம் விரலில் திறக்கிறதா என்று பார்ப்பதோடு முடியாது. வீட்டிலுள்ள மற்றொரு பெரியவரின் விரலில் திறக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துப்பாக்கியை உள்ளே வைக்கும் முன்பே, வெறும் பெட்டியில் இதைச் சோதிக்க வேண்டும். பூட்டின் வேலை திறப்பது மட்டுமல்ல. திறக்க மறுப்பதும் அதன் வேலைதான்.

பெட்டி ஒன்றினால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை நீக்கி வைப்பது, துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டாவைத் தனியே வேறு பூட்டுக்குள் வைப்பது ஆகிய ஒவ்வொன்றும் பிள்ளைகள் துப்பாக்கியால் காயப்படும் ஆபத்தைக் குறைப்பதோடு தொடர்புடையது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பிரிட்டனில் உரிமம் கொடுக்குமுன் போலீசார் துப்பாக்கி வைக்கும் ஏற்பாட்டைப் பார்வையிடுகிறார்கள். அங்கே துப்பாக்கி அலமாரிக்கென்றே 1992-இல் ஒரு தரநிலை வகுக்கப்பட்டது. உரிமம் பெறாத எவரும், வீட்டு உறுப்பினரே ஆனாலும், துப்பாக்கியை எடுக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை அதன் மேலேயே வைத்தால் அது பூட்டு ஆகுமா? முறுக்கு டப்பா பரணிலிருந்து பெட்டிக்கு மாறியது போலத்தான். ஒளித்து வைப்பது மட்டும் இப்போது சாவியை.

நீங்கள் துப்பாக்கிப் பெட்டகம் வாங்கப் போவதில்லை. எனினும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது, யாருடைய வீட்டிலாவது ஒரு துப்பாக்கி கண்ணில் பட்டால், அது பொம்மை போலத் தோன்றினாலும் நில்லுங்கள், தொடாதீர்கள், அங்கிருந்து விலகுங்கள், பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பூட்டியிருக்கிறது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் பெட்டி உண்மையில் பூட்டியில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். அலபாமாப் பிள்ளைகள் கேட்டவுடன் உண்மையைச் சொன்னார்கள். கேட்பதற்கு முன்பே சொன்னால் இன்னும் நல்லது.